டவர் வளைவில் ஒரு வீடு

நவயுகம் கட்டுமான நிறுவனம் 'கட்டுமானி' என்ற செயலியை வாங்கியதற்கு வெளியே சொன்ன காரணம், வேலையில் வெளிப்படைத்தன்மை. சொல்லாத காரணம் ஒரு பேனர். கம்பம் ஊரில் இருக்கும் போட்டி நிறுவனம் முந்தின மாதமே ஏதோ ஒரு செயலியை வாங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர் கட்டியிருந்தது. அதில் முதலாளியின் கையில் கைபேசி, கைபேசிக்குள் ஒரு கட்டடம், கட்டடத்துக்கு மேலே ஒரு வெள்ளைப் புறா. கல்யாணம் ஒன்றுக்காக தேனி அல்லிநகரத்திலிருந்து கம்பம் போன நவயுகத்தின் முதலாளி ராஜமணி அதைப் பார்த்துவிட்டார். பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

செயலியை வாங்கிய பிறகுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. வாங்கினால் மட்டும் போதாது, வேலைக்காரர்கள் அதை 'ஏற்க' வேண்டுமாம். ஏற்பு தானாக வராதாம். அதற்கு ஒரு ஆளைப் போட வேண்டுமாம். அந்த ஆளுக்கு 'ஏற்பு ஒருங்கிணைப்பாளர்' என்று பெயராம்.

அந்த வேலைதான் ஞானசெல்விக்குக் கிடைத்தது.

மேகமலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ரோஸ்லினின் ஒரே மகள் அவள். அப்பா முகம் அவளுக்கு நினைவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுப் பிள்ளைகளில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். அதுவும் மதுரையில், சிவில் இன்ஜினியரிங். பட்டம் வாங்கிய அன்று அந்தக் கறுப்பு அங்கியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் ரோஸ்லின் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டாள். படிப்பு முடித்தவளுக்குச் சின்னமனூரில் ஒரு ஜெராக்ஸ் கடைதான் வேலை கொடுத்தது. மற்றவர்களின் சான்றிதழ்களை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு நவயுகத்திலிருந்து அழைப்பு வந்தபோது, ரோஸ்லின் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள்.

வேலை தற்காலிகம்தான். பணியாளர்கள் நூற்றுக்கு நூறு 'கட்டுமானி'யை ஏற்றால் நிரந்தரம். ஏற்காவிட்டால் ஜெராக்ஸ் கடை அங்கேயேதான் இருக்கிறது.

அவளுக்குக் கொடுத்த சைட் எது தெரியுமா? மேல் டிவிஷன்தான். இடிந்து விழும் நிலையில் இருக்கிற லைன் வீடுகளுக்குப் பதிலாகப் புது வீடுகள். முதலில் ஒரு மாதிரி வீடு. அது யாருக்கு என்று எஸ்டேட்டில் குலுக்கிப் போட்டபோது ரோஸ்லின் பெயர் வந்தது. மகள் கட்டுகிற வீட்டில் தாய் குடியேறப் போகிறாள். லைன் முழுவதும் அந்தப் பேச்சாகத்தான் இருந்தது.

"எம்மக கட்டுறா," என்றாள் ரோஸ்லின், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அல்லிநகரம் அலுவலக மாடியில் பயிற்சி முகாம் நடந்தது. கொத்தனார்கள், சித்தாள்கள், கம்பி கட்டுகிறவர்கள் எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, தலைக்கு ஒரு தொப்பியும் ஆளுக்கு ஒரு பலூனும் கொடுத்தார்கள். தொழில்நுட்பத்தைப் பற்றிய பயத்தைப் பலூனில் எழுதி, அதை ஊதி, உடைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் வெறும் பலூனை உடைத்தார்கள். சித்தாள் மொக்கம்மாள் மட்டும் உடைக்காமல் பேரனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள். 'எதிர்ப்பு மனநிலை' என்று அவள் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டார்கள்.

முதலாளி ராஜமணி மைக்கைப் பிடித்தார். "நான் செங்கல் சூளையில மண்ணு மிதிச்சவன். பாமரன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு தொழிலாளியும் என் கண்ணு முன்னாடி இருக்கணும்னு ஆசப்பட்டேன். அதுக்காக நான் மலைக்கு ஏற முடியுமா? முடியாது. ரோடு அப்படி. அதனால உங்க எல்லாரையும் இந்தப் போனுக்குள்ள கொண்டு வந்துட்டேன். இனிமே நான் உங்களப் பாக்கவே வேண்டாம்!"

கைத்தட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்பதும் பயிற்சியில் இருந்தது.

அடுத்து, கோயம்புத்தூரிலிருந்து வந்த செயலிக் கம்பெனிப் பயிற்சியாளர் திரிஷா பேசினாள். நல்ல பெண், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். "மாற்றம் மனசுல நடக்கணும் ஃப்ரண்ட்ஸ். வேலை எங்க வேணா நடக்கட்டும். வேலை ஒவ்வொரு கட்டம் முடிஞ்சதும் ஆப்பைத் திறந்து ஒரு போட்டோ. அவ்வளவுதான். போட்டோ போனாத்தான் அடுத்த கட்டம் திறக்கும். பழைய போட்டோ எடுக்காது, நெட் ஆன்ல இருக்கணும், அங்கேயே அப்பவே எடுக்கணும்."

மேஸ்திரி செல்வமணி எழுந்தார். கூடலூர்க்காரர், மலையாளக் கரையிலும் வேலை பார்த்தவர். "மேடம், மேல அங்கன டவர் எடுக்காதே. அப்ப எப்புடி?"

"அண்ணா, அது டவர் பிரச்சினை இல்ல," என்றாள் திரிஷா கனிவாக. "மனத்தடை."

செல்வமணி உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "மனத்தடையாம்ல. நான் சிம்முல கோளாறுன்னு நெனச்சேன்," என்றார்.

மேலே வந்த முதல் நாளே வருகைப் பதிவு. முகத்தைக் காட்டி, கண்ணைச் சிமிட்டினால் செயலி ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். அன்று சிமென்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில் முகங்களைப் பதிந்துவிட்டார்கள். மறுநாள் குளித்துவிட்டு, திருநீறும் சிலுவையுமாகப் பளிச்சென்று வந்தவர்களைச் செயலிக்குத் தெரியவில்லை. 'அறியாத நபர்' என்றது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் வந்ததும் முதல் வேலையாக எல்லோரும் ஒரு பிடி சிமென்டை எடுத்து முகத்தில் பூசிக்கொள்வார்கள். அதற்கப்புறம் செயலி வணக்கம் சொல்லும்.

அதற்கும் நெட் வேண்டும். மேல் டிவிஷனில் நெட் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். லைனிலிருந்து சின்னமனூர் ரோட்டில் இறங்கிப் போனால் ஒரு கொண்டை ஊசி வளைவு வரும். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் கிடுகிடு சரிவு, கீழே தேயிலை. அந்த வளைவில் நின்று போனைக் கம்பம் ஊர்ப் பக்கமாகத் தூக்கினால் இரண்டு கோடு எடுக்கும். எஸ்டேட்டில் கல்யாணம் நிச்சயமாவதும், சாவுச் செய்தி வருவதும், பரீட்சை முடிவு தெரிவதும் அங்கேதான். டவர் வளைவு என்று பெயர்.

ஞானசெல்வி அங்கிருந்து நவயுகத்தின் மேலாளர் முத்துராஜாவுக்குப் போன் போட்டாள். "சார், சைட்ல சிக்னல் இல்ல. ஆஃப்லைன்ல எடுக்க வழி இருக்கா?"

"அடுத்த வெர்ஷன்ல வருது."

"அது எப்ப சார் வரும்?"

"இந்த வெர்ஷன நீங்க முழுசா ஏத்துக்கிட்டப்புறம்."

செங்கல் வந்தது. 'செங்கல் வரவு' என்ற கட்டத்துக்குப் போட்டோ வேண்டும். ஞானசெல்வி யோசித்தாள்; அவள் படித்தவள். லாரியை வளைவிலேயே நிறுத்தச் சொன்னாள். செங்கல்லை அங்கேயே அடுக்கி, போட்டோ எடுத்து, திரும்ப ஏற்றி சைட்டில் இறக்கினார்கள். பச்சை டிக் விழுந்தது. சிமென்டும் மணலும் கம்பியும் அப்படியேதான் வளைவில் இறங்கி, காட்சி கொடுத்து, மறுபடி ஏறின. திருவிழாச் சப்பரம் மாதிரி.

அடுத்த கட்டம் அஸ்திவாரம். அஸ்திவாரத்தை லாரியில் ஏற்ற முடியாது.

"மேஸ்திரிண்ணே," என்றாள் ஞானசெல்வி. "வளைவுல சின்னதா ஒரு குழி தோண்டி, நாலு கல்லு போட்டுருவோமா? போட்டோவுக்கு மட்டும்."

"தோண்டிரலாம் மேடம். நமக்கென்ன, குழிதான்."

தோண்டினார்கள். போட்டோ போனது. பச்சை டிக்கோடு வாழ்த்தும் வந்தது. அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: 'பணியிடத்தின் இருப்பிடம் உறுதி செய்யப்பட்டது.' ஞானசெல்வி அதைப் படித்தாள். நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் லைனுக்குப் பக்கத்தில் நிஜ வீடு வளர்ந்துகொண்டிருந்தது. கொழுந்து எடை போட்டு முடிந்ததும் ரோஸ்லின் கூடையோடு நேரே அங்கேதான் வருவாள். இடுப்பு உயரத்துக்கு எழும்பிய சுவர்களுக்கு நடுவே நின்று, கையை நீட்டி நீட்டி இடம் ஒதுக்குவாள்.

"இங்கன எங்கட்டிலு. அங்கன மாதா படம். நீ லீவுல வந்தா இந்தச் சன்னலு ஓரம் படுத்துக்க. காத்து வரும்."

"நான் எதுக்கு லீவுல வாரேன், பக்கத்துலதான இருக்கேன்?"

"வேல நெரந்தரமானா தேனிக்குப் போயிருவேல்ல? ஆபீசு அங்கனதான."

லைன் வீட்டில் ரோஸ்லினின் கூரைத் தகரம் பல வருஷமாக ஒழுகியது. மழை பெய்தால் எந்தச் சொட்டுக்கு எந்தப் பாத்திரம் என்பது அவளுக்கு மனப்பாடம். இந்த மழைக்கு அந்தப் பாத்திரங்களில் சோறு பொங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சன்னல் மட்டத்துக்குச் சுவர் வந்த அன்று வளைவில் ஞானசெல்வியின் போன் அலறியது. சாதாரணச் சத்தமில்லை, சைரன். திரையில் சிவப்பு: 'எச்சரிக்கை. அங்கீகரிக்கப்பட்ட பணியிடத்துக்கு வெளியே அனுமதியற்ற கட்டுமானம்.'

நிஜ வீட்டைத்தான் சொன்னது. எஸ்டேட்காரர்கள் வைத்திருந்த ட்ரோன் படத்தைச் செயலியோடு யாரோ இணைத்துவிட்டிருந்தார்கள். செயலி தன் கணக்குப்படி பார்த்தது. வீடு இருக்க வேண்டிய இடம் வளைவு. அங்கே வெறும் குழி. லைனுக்குப் பக்கத்தில் யாரோ திருட்டுத்தனமாக ஒரு வீடு கட்டுகிறார்கள்.

ஞானசெல்வி மலையிறங்கி அல்லிநகரம் போனாள். முத்துராஜா குளிர்சாதன அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், அது தப்பு. நெஜ சைட்டு லைன் பக்கத்துலதான். சிக்னலுக்காக நான்தான் வளைவுல..."

"சைட்டு எது?"

"லைன் பக்கத்துல சார்."

"ஆப்ல எது?"

"வளைவு."

"அப்ப சைட்டு எது?"

முத்துராஜா ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்கம்மா. நானும் உங்கள மாதிரி கஷ்டப்பட்ட குடும்பந்தான். ஆனா நான் ஒரு நாளும் சிஸ்டத்த எதுத்துக் கேள்வி கேட்டதில்ல. அதனாலதான் இந்தச் சேர்ல உக்காந்திருக்கேன். ஆப்பு பொய் சொல்லாது. மனுசன் சொல்லுவான்."

"அத அழிச்சிட்டுத் திரும்பப் பதிய முடியாதா சார்? தப்புன்னு போட்டு..."

"தப்புன்னு ஒரு பட்டனே அதுல கெடையாதும்மா. அப்படி ஒரு பட்டன் வச்சா எல்லாரும் அமுக்க ஆரம்பிச்சிருவாங்கன்னு நாங்கதான் எடுக்கச் சொன்னோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம சைட்டுல மட்டுந்தான் நூறு சதவீதம் ஏற்பு. முதலாளி பேனர் அடிக்கக் குடுத்துட்டாரு. உங்க போட்டோவும் இருக்கு. இப்பப் போயித் தப்புன்னா பேனரக் கிழிக்கணும். ஒங்க ஃபைல மூடணும். யோசிச்சுக்கங்க."

"எங்கம்மா வீடு சார் அது."

"அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. பயனாளி ஒத்துழைப்புக்குத் தனியா மார்க்கு உண்டு."

அனுமதியற்ற கட்டுமானத்தை அகற்றி, பொருள்களை அங்கீகரிக்கப்பட்ட பணியிடத்துக்குக் கொண்டுசெல்லும்படி உத்தரவு வந்தது. உத்தரவும் வளைவில்தான் வந்தது. வேறெங்கே வரும்?

ஞானசெல்வி அம்மாவிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது ஒரு கணக்குக்குத்தாம்மா. மொதல்ல வளைவுல கட்டின மாதிரி காட்டணும். பெறகு திரும்ப இங்கனயே கட்டிருவாக."

ரோஸ்லின் சுவர்களைப் பார்த்தாள். தன் கட்டிலுக்கென்று ஒதுக்கிய இடத்தைப் பார்த்தாள்.

"கட்டுனத இடிச்சிட்டுத் திரும்பக் கட்டுவாகளா?"

"ஆமாம்மா. இப்ப எல்லாம் அப்புடித்தான்."

"நீ படிச்சவ. ஒனக்குத் தெரியாதா."

மறுநாள் இடித்தார்கள். செல்வமணி கடப்பாரையைப் போட, மொக்கம்மாளும் மற்ற சித்தாள்களும் கல்லைச் சுமந்தார்கள். வேலைக்குப் போகாமல் ரோஸ்லினும் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கும்மா?"

"நம்ம வீட்டுக் கல்லு. நாலு நடை நானும் சொமக்கேன். ஒடையாமக் கொண்டுபோகணும்ல, திரும்பக் கட்டுறதுக்கு."

ஞானசெல்வியால் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடுகிறவள்போல நின்றாள். அங்கே சிக்னல் வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

வளைவில் வீடு கட்ட இடமில்லை. ரோட்டோரத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு சுவருக்குத்தான் இடம். செயலி அநேகமாக எல்லாக் கட்டத்துக்கும் முன்பக்கப் போட்டோதான் கேட்டது. ஆகவே செல்வமணி ஒரு முன்சுவர் கட்டினார்.

அந்த மனுஷனிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. போட்டோவுக்கென்று கட்டுவதில் ஒரு சுகம் கண்டுவிட்டார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, கைபேசித் திரையைப் பார்த்துப் பார்த்துப் பூசினார். வாசல், நிலை, இரட்டைக் கதவு, இரண்டு பக்கமும் சன்னல், மேலே கைப்பிடிச் சுவர், அதன் நடுவில் ஒரு தாமரை. முன்னால் இரண்டு படி. 'இந்த மாதத்தின் நட்சத்திரம்' என்று அவர் முகம், சிமென்ட் பூச்சோடு, செயலியில் வந்தது.

"இருபது வருசமாக் கட்டுறேன் மேடம். ஒரு பய நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இந்த ஆப்பு ஒவ்வொரு நாளும் கைதட்டுதே," என்றார். கண் கலங்கியிருந்தது. அவரிடம் என்னவென்று கோபப்படுவது?

'சமையலறை' என்ற கட்டத்துக்குச் சுவரின் பின்பக்கம் போட்டோ வேண்டியிருந்தது. கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒட்டி நிற்கிற அளவுக்குத்தான் மண். அதற்கப்புறம் சரிவு. கம்பி கட்டுகிறவர் ஒருவரின் இடுப்பில் கயிறு கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, அவர் அந்தரத்தில் சாய்ந்து போட்டோ எடுத்தார். சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டவ்வும் குக்கரும் வைத்திருந்தார்கள். 'காற்றோட்டம் மிக நன்று' என்று மதிப்பெண் விழுந்தது.

லைனில் இருந்தவர்கள் ரோஸ்லினிடம் கேட்டார்கள். "என்னடி, ஒம்மக ரோட்டுல செவுத்தக் கட்டி வச்சிருக்கா?"

"அது போட்டோவுக்கு. வீடு பின்னால வருது," என்றாள் ரோஸ்லின்.

பணி நிறைவு என்று செயலியில் பச்சை விழுந்த அன்று, 'கட்டுமானி' தானாகவே எஸ்டேட் அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பியது: பயனாளிக்குப் புதிய வீடு தயார், பழைய குடியிருப்பை அகற்றலாம். எஸ்டேட்காரர்கள் சுறுசுறுப்பானவர்கள். ரோஸ்லின் கொழுந்துக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, அவள் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி, பாத்திரங்களையும் துணி மூட்டையையும் வெளியே எடுத்துவைத்து, கதவையும் சன்னலையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சாயங்காலம் ரோஸ்லின் வந்தபோது நாலு சுவர் இருந்தது, மேலே வானம் இருந்தது. இன்னொரு பக்கம், ரோட்டில், ஒரு சுவரும் கதவும் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு வீடு ஆகியிருக்கும். சேர்க்க ஒரு வழியும் கிடையாது.

"எப்பக் கட்ட ஆரம்பிப்பாக, செல்வி?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த இரண்டு நாள், சைட்டில் மொக்கம்மாள் தங்கியிருந்த கூடாரத்தில் படுத்துக்கொண்டாள்.

ஞானசெல்வி அப்போதே வளைவுக்கு ஓடினாள். முத்துராஜாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. திரிஷாவுக்குப் போட்டாள், எடுத்தாள்.

"மேடம், எங்கம்மா வீட்டப் பிரிச்சிட்டாக. புது வீடுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. வெறுஞ் செவுரு."

திரிஷா சொன்னாள், அதே கனிவோடு: "செல்வி, நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்க. ஏற்புல இது கடைசிக் கட்டம். எல்லாருக்கும் வரும். ஃபீட்பேக் பகுதியில எழுதுங்க. ஐந்து நட்சத்திரத்துக்குக் கீழ மட்டும் போயிடாதீங்க, ப்ளீஸ். என் வேலையும் இதுல இருக்கு."

ஒப்படைப்பு விழாவுக்கு எல்லோரும் வந்தார்கள். ரோடு சரியில்லை என்று ஒரு நாளும் வராதவர்கள், பேனரோடு ஜீப்பில் வந்தார்கள். வளைவுகளில் முத்துராஜா வாந்தியெடுத்து வாந்தியெடுத்து வெளுத்திருந்தார். மூடுபனியும் சாரலுமாக இருந்தது. எஸ்டேட் மேலாளர் குடை பிடிக்க, ராஜமணி இறங்கினார்.

சுவரைப் பார்த்தார். நல்ல மஞ்சள் பெயின்ட். தாமரைக்கு இளஞ்சிவப்பு.

"லட்சணமா இருக்குய்யா. பின்னாடி என்ன?"

"வியூ சார்," என்றார் முத்துராஜா.

"ஆகா. வியூவோட ஒரு வீடு." பக்கவாட்டில் எட்டிப் பார்க்க ஒரு அடி வைத்தார்.

"சார், அந்தப் பக்கம் போனா ப்ரேம் கெட்டுடும்," என்றாள் திரிஷா. ராஜமணி நின்றுவிட்டார். ப்ரேமைக் கெடுக்கிற மனிதர் அல்ல அவர்.

பிறகு பேசினார். "ஒரு காலத்துல வீடு கட்டணும்னா என்ன பாடு! இஞ்சினீரு வந்து பாக்கணும், ஓனரு வந்து பாக்கணும், குடியிருக்கிறவன் வேற வந்து நொட்டை சொல்லுவான். இன்னைக்கு யாருமே பாக்காம ஒரு வீடு முடிஞ்சிருக்கு! இதுதான் வளர்ச்சி. இந்த வீட்டுல ஒரு கொறையாவது இருக்கா? நான் தேடிட்டேன். ஆப்ல ஒண்ணுகூட இல்ல."

கைத்தட்டல். ஞானசெல்வியை முன்னால் அழைத்து, உறையில் போட்ட நிரந்தரப் பணி ஆணையைக் கொடுத்தார். "இந்த மண்ணோட மக! நாளையிலருந்து தேனி ஆபீஸ்ல இருப்பாக. இன்னைக்கே எங்ககூட ஜீப்புல வாராக." ஞானசெல்வி அவரிடம் சொல்வதற்கென்று காலையிலிருந்து ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். சார், இது வீடில்ல. அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது.

அடுத்து ரோஸ்லினைக் கூப்பிட்டார்கள். பெட்டியிலிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தாள், ஈரத்தில் கசங்கியிருந்தது. ஒரு கையில் மாதா படம், ஒரு கையில் பால் சொம்பு. யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. புது வீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போவாளா?

ராஜமணி சாவி கொடுத்தார்; ரோஸ்லின் சொம்பைப் படியில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கேமராக்கள் தயாராயின.

"கதவைத் திறந்து உள்ள போங்கம்மா. சிரிச்சுக்கிட்டே," என்றாள் திரிஷா.

ரோஸ்லின் கதவைத் திறந்தாள். திறந்த இடைவெளியில் பனி தெரிந்தது. அதற்குக் கீழே, வெகு ஆழத்தில், தேயிலையின் பச்சை. அவள் அசையாமல் நின்றாள். வீடு பின்னால் வருது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் இப்போதுதான் பின்னால் பார்க்கிறாள்.

திரும்பி மகளைப் பார்த்தாள்.

ஞானசெல்வி அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். கிடைத்திருந்தால் பிடித்துக்கொண்டு கத்தியிருப்பாள்; கிழித்திருப்பாள் உறையை. கிடைக்கவில்லை. ரோஸ்லின் மகளின் கையிலிருந்த உறையைப் பார்த்தாள். சுற்றியிருந்த பெரிய மனிதர்களைப் பார்த்தாள். சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். வலது காலை எடுத்து வைத்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

"பியூட்டிஃபுல்!" என்றாள் திரிஷா. "எவ்ளோ இயல்பா இருந்துச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். செல்வமணிதான் அதிக நேரம் தட்டினார். சாரல் பெருத்தது. குடைகள் ஜீப்புக்கு நகர்ந்தன. பேனரைச் சுருட்டினார்கள். முத்துராஜா முன் சீட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு, "வாங்கம்மா செல்வி, இருட்டுறதுக்குள்ள எறங்கணும்," என்றார்.

ஞானசெல்வி படியில் ஏறிக் கதவைத் தட்டினாள்.

"அம்மா."

மறுபடி தட்டினாள்.

"அம்மா, கதவத் தெற."

"போயிட்டாகளா?" சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து குரல் மிக அருகில் கேட்டது.

"கெளம்பப் போறாக. நீ வெளிய வா."

"இப்ப வந்தா பாத்துருவாக. நீ போ ஆத்தா. வண்டிய விட்றாத."

"கால் வழுக்கும்மா அங்கன. தெற சொல்றேன்."

"நல்லாத்தான் நிக்கேன். படத்த மாட்டணும், ஆணி அடிக்க ஒண்ணும் கெடைக்கல. கையிலயே வச்சிருக்கேன்."

ஜீப் ஹாரன் அடித்தது. ஞானசெல்வி திரும்பவில்லை. இன்னொரு தடவை அடித்தது. பிறகு யாரோ ஏதோ சொல்ல, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு வளைவில் திரும்பின. வெளிச்சம் சுவர்மேல் ஒரு முறை படர்ந்து போனது. செல்வமணியும் சித்தாள்களும் சாரலுக்குப் பயந்து லைன் பக்கம் ஓடிவிட்டார்கள்.

"போயிட்டாகம்மா. எல்லாரும் போயிட்டாக."

"நீயி?"

"நான் போகல."

மழைதான் கேட்டது.

"ஏன்த்தா இப்புடிப் பண்ணுற," என்றாள் ரோஸ்லின். குரல் இப்போதுதான் உடைந்தது. "ஒனக்காகத்தான உள்ள வந்தேன்."

"தெறம்மா. நானும் வாரேன்."

"வான்னு சொல்ல எனக்கு மட்டும் ஆச இல்லையா? ரெண்டு பேரு நிக்க எடமில்ல, செல்வி."

ஞானசெல்வி நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு தட்டிக்கொண்டே இருந்தாள். புது பெயின்ட் விரல்களில் ஒட்டியது.

கடைசியில் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கூடவே, மகளுக்கு இடம் விடுவதற்காக ரோஸ்லின் சரிவின் விளிம்புப் பக்கமாக ஒதுங்குகிற சத்தமும் கேட்டது.